உம்மாவின் கத்தரிக்கோலும் பிள்ளையின் கேத்திரகணிதமும்

"உம்மா, இந்தக் கணக்கு விளங்குதில்ல."

"எனக்கெங்க மகள் கணக்குத் தெரியும்? டியூஷன் சேர்ட்டக் கேளுங்க."

எமது வீடுகளில் மாலை நேரங்களில் அடிக்கடி காதில் விழும் உரையாடல் இது. கேட்கும்போது சாதாரணமாகத்தான் தோன்றும். ஆனால் இதிலிருந்து பிள்ளை இரண்டு பாடங்களைக் கற்றுக்கொள்கிறது. ஒன்று, கணக்கு என்பது வீட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒரு வெளிப் பொருள். மற்றது, பெண்களுக்கு அது தெரியாமல் இருப்பது இயல்பான விடயம். இந்த இரண்டாவது பாடத்தை மகள்மார் மிக வேகமாகப் படித்துக்கொள்கிறார்கள். 6ஆம் தரத்தில் ஆசையோடு கணக்குச் செய்த பெண் பிள்ளை 9ஆம் தரம் வரும்போது, "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லத் தொடங்கிவிடுகிறாள். க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் எல்லோருக்கும் கட்டாயப் பாடம் என்பதால் அந்தச் சொல்லின் விலையை அவள் பின்னால் கொடுத்தே ஆக வேண்டியிருக்கிறது.

எனது பாடம் அரபும் இஸ்லாமும். எனினும் பாடசாலையில் பல வருடங்களாகப் பிள்ளைகளோடு இருப்பவன் என்ற வகையில் ஒன்றைக் கவனித்து வந்திருக்கிறேன். கணிதத்தில் பிள்ளைகள் அதிகம் பயப்படும் பகுதிகளில் ஒன்று கேத்திரகணிதம். அதிலும் உருமாற்றம், ஒருங்கிசைவு என்ற சொற்களைக் கேட்டவுடனேயே பலர் கொப்பியை மூடிவிடுகிறார்கள். ஆனால் எமது தாய்மார் தம் கைகளால் நாளாந்தம் செய்துவரும் வேலைகளில் மிக அதிகமாகக் கலந்திருக்கும் கணிதமும் இதுவேதான். தைக்கிறவர்களும், பாய் பின்னுகிறவர்களும், தட்டில் தொதலை ஊற்றித் துண்டு போடுகிறவர்களும் இதை அறிவார்கள். அவர்களிடம் இல்லாதது அதன் பெயர் மாத்திரமே. அந்தப் பெயர்களையும், அவற்றைப் பிள்ளைக்கு எந்த ஒழுங்கில் அறிமுகம் செய்வது என்பதையும் இங்கே பார்ப்போம்.

மூன்று அசைவுகள்

மேசையில் கிடக்கும் ஒரு கரண்டியை எத்தனை விதமாக இடம் மாற்றலாம்? எத்தனையோ விதமாக என்று தோன்றும். கணிதம் அவற்றை மூன்று அடிப்படை அசைவுகளில் அடக்கிவிடுகிறது.

முதலாவது பெயர்ச்சி. கரண்டியைத் திருப்பாமல், புரட்டாமல், நேராகத் தள்ளுவது. தள்ளும்போது அதன் நுனி எவ்வளவு தூரம் போகிறதோ பிடியும் அதே தூரம், அதே திசையில் போகிறது. பள்ளிவாசலில் விரித்திருக்கும் நீண்ட விரிப்பைப் பாருங்கள். ஒருவர் நின்று தொழுவதற்கான ஓர் உரு வரையப்பட்டிருக்கும். அதே உரு பக்கத்தில், அதற்கும் பக்கத்தில் என்று ஸப்பு முழுவதும் சம இடைவெளியில் நகர்ந்து நகர்ந்து செல்லும். அதுதான் பெயர்ச்சி.

இரண்டாவது சுழற்சி. ஒரு புள்ளியை அசையாமல் வைத்துக்கொண்டு உருவைச் சுற்றுவது. மணிக்கூட்டு முள் இதற்கு நல்ல உதாரணம். சுழற்சியைச் சரியாகச் சொல்ல மூன்று செய்திகள் வேண்டும்: எந்தப் புள்ளியைச் சுற்றி, எத்தனை பாகை, எந்தப் பக்கமாக. மணிக்கூட்டு முள் போகும் பக்கம் வலஞ்சுழி. அதற்கு எதிர்ப்பக்கம் இடஞ்சுழி. பிள்ளைகள் பரீட்சையில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றை எழுத மறந்துவிடுகிறார்கள். "90 பாகை சுழற்றப்பட்டது" என்று மட்டும் எழுதினால் விடை பாதிதான்.

மூன்றாவது தெறிப்பு. கண்ணாடியில் காண்பது போல உருவை ஒரு கோட்டின் மறுபக்கத்துக்குப் புரட்டுவது. கோட்டிலிருந்து ஒரு புள்ளி இந்தப் பக்கம் 3 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்தால் அதன் விம்பம் அந்தப் பக்கம் 3 சென்ரிமீற்றரில் இருக்கும். இரண்டையும் இணைத்தால் அந்த இணைப்பை ஆடிக்கோடு செங்கோணத்தில் சரிபாதியாக வெட்டும். நீலத்தில் தோய்த்த நூலைக் கடதாசியில் வைத்து, கடதாசியை மடித்து அழுத்தி இழுத்துப் பார்த்த பிள்ளைக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை. மடிப்புதான் ஆடிக்கோடு.

இந்த மூன்று அசைவுகளிலும் உருவின் இடம் மாறுகிறது. சிலவேளை அது பார்க்கும் பக்கமும் மாறுகிறது. ஆனால் நீளங்கள் மாறுவதில்லை. கோணங்கள் மாறுவதில்லை. பரப்பளவு மாறுவதில்லை. ஆகவே பிள்ளையிடம் எப்போதும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள்: எங்கே போனது? எப்படிப் போனது? எது மாறவில்லை? இந்த மூன்றாவது கேள்வியிலேதான் பாடத்தின் உயிர் இருக்கிறது.

இரண்டு இடக் கை வெட்டிய கதை

தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இது நன்றாக விளங்கும். சட்டைக்குக் கை வெட்டும்போது கமக்கட்டு வளைவு இரு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. முன்பக்க வளைவு சற்று ஆழமாகவும் பின்பக்க வளைவு ஆழம் குறைந்தும் இருக்கும். பூப்போட்ட துணியை ஒற்றையாக விரித்து, நல்ல பக்கம் மேலே இருக்க, வெட்டிய மட்டையை அதன் மேல் வைத்து ஒரு கை வரைகிறீர்கள். மட்டையை அப்படியே பக்கத்துக்கு நகர்த்தி அடுத்த கையையும் வரைந்து வெட்டுகிறீர்கள். பிறகு தைக்க எடுத்தால் இரண்டும் இடக் கைகள்! எப்படித் திருப்பி வைத்தாலும் இரண்டாவது துண்டு வலப்பக்கத்துக்குப் பொருந்தாது. புரட்டினால் வளைவு பொருந்தும். ஆனால் துணியின் உட்பக்கம் வெளியே வந்துவிடும்.

என்ன நடந்தது? மட்டையை நகர்த்தியது பெயர்ச்சி. வலக் கைக்கு வேண்டியது தெறிப்பு. பழகிய தையல்காரி துணியை நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க இரண்டாக மடித்து, ஒரே வெட்டில் இரு கைகளையும் எடுத்துவிடுவாள். அல்லது இரண்டாவது கைக்கு மட்டையைப் புரட்டி வைப்பாள். துணியை மடிக்கும் அந்தக் கணத்தில் அவள் செய்வது ஒரு தெறிப்பு.

இதிலிருந்து ஒரு நுட்பமான விடயத்தைப் பிள்ளைக்குக் காட்டலாம். பெயர்ச்சியாலும் சுழற்சியாலும் இடது வலதாக மாறாது. தெறிப்பால் மாறும். இடக்கால் செருப்பை நிலத்தில் எவ்வளவு தள்ளினாலும் சுற்றினாலும் அது வலக்கால் செருப்பாகாது. கண்ணாடியில் பார்த்தால் மட்டும் ஆகிவிடுகிறது. ஓர் உருவையும் அதன் விம்பத்தையும் கொடுத்து, "இங்கே நடந்தது என்ன உருமாற்றம்?" என்று கேட்டால் பிள்ளை முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இடது வலதாக மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் அதில் தெறிப்பு இருக்கிறது.

ஒருங்கிசைவு என்றால் என்ன?

இரண்டு உருக்களில் ஒன்றை எடுத்து, தள்ளியோ சுற்றியோ புரட்டியோ மற்றதன் மேல் வைத்தால், ஓரத்தில் எதுவும் மிஞ்சாமலும் எதுவும் குறையாமலும் முற்றாகப் பொருந்துமானால் அவ்விரண்டும் ஒருங்கிசைவானவை. தையல்காரி புரட்டி வைத்த மட்டையும் ஒருங்கிசைவுதான். நகர்த்தி வைத்த மட்டையும் ஒருங்கிசைவுதான். சட்டைக்கு இடது வலது பேதம் உண்டு. ஒருங்கிசைவுக்கு அது கணக்கில்லை.

அரபு மொழியில் இதற்குத் 'ததாபுக்' என்று பெயர். ஒன்றின் மேல் ஒன்று மூடியைப் போலப் படிந்து பொருந்துவதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல் அது. சட்டிக்கு அதன் மூடி பொருந்துவதை மனதில் நினைத்துக்கொண்டால் வரைவிலக்கணத்தைப் பாடமாக்க வேண்டிய அவசியமே இல்லை.

இங்கே பிள்ளைகள் ஒரு மயக்கத்துக்கு ஆளாகிறார்கள். பரப்பளவு சமமாக இருந்தால் ஒருங்கிசைவு என்று எண்ணிவிடுகிறார்கள். தொதல் தட்டில் இதைத் தீர்த்துவிடலாம். 12 சென்ரிமீற்றர் நீளமும் 8 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட இரண்டு தொதல் கட்டிகளை எடுங்கள். ஒன்றை நடுவால் குறுக்கே வெட்டுங்கள். 6க்கு 8 அளவான செவ்வகம் கிடைக்கும். மற்றதை மூலைக்கு மூலை வெட்டுங்கள். முக்கோணி கிடைக்கும். ஒரு பிள்ளைக்குச் செவ்வகத் துண்டையும் மற்றப் பிள்ளைக்கு முக்கோணித் துண்டையும் கொடுங்கள். "அவளுக்குத்தான் பெரிய துண்டு" என்ற சண்டை உடனே தொடங்கும். இரண்டும் 48 சதுர சென்ரிமீற்றர்தான். பரப்பளவால் சமம், ஆனால் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. ஆகவே ஒருங்கிசைவு இல்லை. அதேவேளை, மூலைக்கு மூலை வெட்டிய இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று ஒருங்கிசைவானவை. ஒன்றைப் பாதிச் சுற்று, அதாவது 180 பாகை, சுழற்றினால் மற்றதன் மேல் அமர்ந்துவிடும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. வடிவம் ஒன்றாக இருந்தாலே ஒருங்கிசைவு என்று சிலர் நினைப்பார்கள். சிறிய இடியப்பத் தட்டும் பெரிய சோற்றுத் தட்டும் வட்டம்தான். ஒன்றை ஒன்று மூடுமா? வடிவம் ஒன்றாகவும் அளவு வேறாகவும் இருந்தால் அவை இயல்பொத்தவை. வடிவமும் அளவும் ஒன்றானால் மட்டுமே ஒருங்கிசைவு.

ஈர்க்கில் சொல்லும் பாடம்

இரண்டு முக்கோணிகள் ஒருங்கிசைவானவை என்று காட்ட ஒவ்வொரு முறையும் வெட்டி எடுத்து வைத்துப் பார்க்க முடியாது. எதை எதை அளந்தால் போதும் என்பதுதான் மேல் தரங்களில் பிள்ளையை எதிர்நோக்கும் கேள்வி. ப.ப.ப., ப.கோ.ப. என்ற எழுத்துகளை அர்த்தம் புரியாமல் பாடமாக்குவதால்தான் பிள்ளைகள் இங்கே வழுக்கி விழுகிறார்கள். விளக்குமாற்றிலிருந்து சில ஈர்க்கில்களை உருவிக்கொண்டு உட்காருங்கள்.

6, 8, 9 சென்ரிமீற்றர் நீளமான மூன்று துண்டுகளை நீங்கள் வெட்டுங்கள். அதே அளவில் மூன்று துண்டுகளைப் பிள்ளையும் வெட்டட்டும். ஒருவரையொருவர் பார்க்காமல் ஆளுக்கொரு முக்கோணி அமையுங்கள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பாருங்கள். புரட்ட வேண்டி வந்தாலும் வரலாம். ஆனால் கட்டாயம் பொருந்தும். மூன்று பக்கங்கள் தெரிந்தால் முக்கோணியின் தலைவிதி முடிந்துவிட்டது. இதுதான் பக்கம், பக்கம், பக்கம்.

இனி நான்கு ஈர்க்கில்களை நூலால் கட்டி ஒரு நாற்பக்கல் செய்யுங்கள். ஒரு மூலையைப் பிடித்துத் தள்ளினால் அது சரிந்து சரிந்து வெவ்வேறு உருவாகிவிடும். பக்கங்கள் நான்கும் அப்படியே இருக்க உரு மாறிக்கொண்டே போகிறது. மூலைக்கு மூலை ஐந்தாவது ஈர்க்கிலைக் கட்டிவிட்டால் அசைவு நின்றுவிடும். ஏனெனில் இப்போது அது இரண்டு முக்கோணிகள். மரக் கேற்றுக்குத் தச்சர் சாய்வாக ஒரு சட்டம் அடிப்பதும் கூரைச் சட்டங்களை முக்கோணியாக அமைப்பதும் இதனால்தான்.

அடுத்து இரண்டு ஈர்க்கில்களையும், கொப்பி மட்டையில் வெட்டிய ஒரு கோணத்தையும் எடுங்கள். அந்தக் கோணத்தின் இரு கரங்களிலும் ஈர்க்கில்களை வைத்தால் மூன்றாவது பக்கத்துக்கு ஒரே ஒரு நீளம்தான் வரும். இது ப.கோ.ப. நடுவிலுள்ள 'கோ' அலங்காரத்துக்கு இருப்பதல்ல. கோணம் அந்த இரு பக்கங்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. நடுவில் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? 30 பாகைக் கோணம் ஒன்று வரைந்து, அதன் ஒரு கரத்தில் 10 சென்ரிமீற்றர் குறியுங்கள். அந்தக் குறியிலிருந்து 6 சென்ரிமீற்றர் ஈர்க்கிலை மற்றக் கரத்தைத் தொடும்படி வையுங்கள். அது இரண்டு இடங்களில் தொடும். இரண்டு வெவ்வேறு முக்கோணிகள் கிடைக்கும். ஆகவே பக்கம், பக்கம், கோணம் என்ற ஒழுங்கு பொதுவாகச் செல்லாது. கோணம் செங்கோணமாக இருக்கும்போது அந்தத் தயக்கம் நீங்கிவிடும். செம்பக்கமும் இன்னொரு பக்கமும் சமமானால் செங்கோண முக்கோணிகள் ஒருங்கிசையும் என்ற தனி வகை வந்தது அதனால்தான்.

மூன்று கோணங்களும் சமமானால்? சிறிய மூலைமட்டத்தையும் அதே கோணங்களுள்ள பெரிய மூலைமட்டத்தையும் காட்டுங்கள். கோணங்கள் ஒன்று, அளவு வேறு. கோணங்களோடு ஒரு பக்கத்தின் நீளமும் தெரிந்தால்தான் முக்கோணி நிலைக்கும். இரண்டு கோணங்களும் ஒத்த ஒரு பக்கமும், அதாவது கோ.கோ.ப., என்பது இதுவே.

எழுதும்போது ஒரு கவனம். க-ச-ட என்ற முக்கோணி த-ப-ம என்ற முக்கோணிக்கு ஒருங்கிசைவு என்று எழுதினால், க என்ற மூலை த மேலும், ச என்ற மூலை ப மேலும், ட என்ற மூலை ம மேலும் விழுகிறது என்று அர்த்தம். எழுத்துகளின் ஒழுங்கை மாற்றினால் சொல்லும் செய்தியும் மாறிவிடும். இந்த ஒழுங்கைக் கவனிக்காமல் எழுதும் பிள்ளை கணக்கு விளங்கியிருந்தும் தவறான பக்கங்களைச் சமப்படுத்திப் புள்ளிகளை இழந்துவிடுகிறது.

வாய்க்காலைக் கடக்காமல் அளத்தல்

"இதெல்லாம் எதற்கு உம்மா?" என்று பிள்ளை கேட்கும். கேட்க வேண்டும். அதற்கு ஒரு பதில் இதோ.

அகலமான ஒரு வாய்க்கால். அக்கரையில் ஒரு மரம். வாய்க்காலைக் கடக்காமல் அதன் அகலத்தை அறிய வேண்டும். மரத்துக்கு நேர் எதிரே இக்கரையில் ஒரு தடியை நடுங்கள். கரை ஓரமாக 10 அடிவைப்பு நடந்து இரண்டாவது தடியை நடுங்கள். அதே நேரில் இன்னும் 10 அடிவைப்பு நடந்து மூன்றாவது தடி. அங்கிருந்து வாய்க்காலுக்கு முதுகைக் காட்டி, கரைக்குச் செங்கோணமாக நடந்து செல்லுங்கள். இரண்டாவது தடியும் அக்கரை மரமும் ஒரே நேர்கோட்டில் தெரியும் இடத்தில் நில்லுங்கள். மூன்றாவது தடியிலிருந்து அந்த இடத்துக்குள்ள தூரம்தான் வாய்க்காலின் அகலம்.

எப்படி? இங்கே இரண்டு முக்கோணிகள் உருவாகின்றன. இரண்டிலும் ஒரு செங்கோணம். இரண்டிலும் 10 அடிவைப்புப் பக்கம். இரண்டாவது தடியில் எதிரெதிராக அமைந்த கோணங்களும் சமம். கோ.கோ.ப. ஆகவே இரண்டும் ஒருங்கிசைவானவை. தண்ணீரின் மேலுள்ள பக்கமும் தரையிலுள்ள பக்கமும் சமம். முதல் முக்கோணியை இரண்டாவது தடியைச் சுற்றிப் பாதிச் சுற்றுச் சுழற்றினால் மற்றது கிடைத்துவிடும் என்பதையும் காட்டுங்கள். எட்ட முடியாத ஒன்றை எட்டக்கூடிய இடத்துக்குக் கொண்டுவந்து அளக்கிறோம். பாதுகாப்பான இடத்தில், பெரியவர் ஒருவரோடு பிள்ளை இதை ஒரு தடவை செய்து பார்த்தால் போதும், ஆயுளுக்கும் மறக்காது.

சதுரக் கொப்பியில் ஒரு முக்கோணி

கைவேலை முடிந்தபின் கொப்பிக்கு வரலாம். சதுரக் கோடிட்ட கணக்குக் கொப்பியில் இரண்டு அச்சுகளை வரைந்து, (1, 1), (4, 1), (1, 3) என்ற புள்ளிகளை இணைத்து ஒரு முக்கோணி அமையுங்கள்.

வலப்பக்கம் 5, மேலே 2 என்று பெயர்த்தால் (6, 3), (9, 3), (6, 5) கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் முதல் எண்ணுடன் 5, இரண்டாவது எண்ணுடன் 2 கூடியிருக்கிறது.

நிலைக்குத்து அச்சில் தெறிக்கச் செய்தால் (-1, 1), (-4, 1), (-1, 3). முதல் எண்ணின் குறி மட்டும் மாறுகிறது.

அச்சுகள் வெட்டும் இடத்தைச் சுற்றி 180 பாகை சுழற்றினால் (-1, -1), (-4, -1), (-1, -3). இரு குறிகளும் மாறுகின்றன.

எல்லா எண்களையும் இரண்டால் பெருக்கினால் (2, 2), (8, 2), (2, 6). இங்கே பக்கங்கள் இரு மடங்காகிவிட்டன. கோணங்கள் அப்படியே இருக்கின்றன. இது உருப்பெருக்கம். முதல் முக்கோணிக்கு இயல்பொத்தது, ஒருங்கிசைவானதல்ல. இந்த நான்காவதைக் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். மூன்று உருமாற்றங்களிலும் எது மாறாமல் இருந்தது என்பது, அது மாறிப்போன ஒன்றைக் கண்ட பிறகுதான் பிள்ளைக்குத் துலக்கமாகும்.

எமது முன்னோரின் சுவர்களில்

இந்த அறிவு எமக்கு அந்நியமானதல்ல. கிரேக்க அறிஞர் யூக்கிளிட்டின் 'மூலகங்கள்' என்ற நூல் ஒரு முக்கோணியை மற்றதன் மேல் வைத்துப் பார்ப்பதன் மூலமே ப.கோ.ப. என்பதை நிறுவுகிறது. அந்த நூலை ஹாரூன் அர்-ரஷீதின் காலத்திலும் பின்னர் மஃமூனின் காலத்திலும் அரபுக்குக் கொண்டுவந்தவர் அல்-ஹஜ்ஜாஜ் இப்னு யூஸுப். இஸ்ஹாக் இப்னு ஹுனைன் மீண்டும் மொழிபெயர்க்க, 901இல் காலமான தாபித் இப்னு குர்ரா அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார். 10ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அபுல் வபா அல்-பூஸஜானி, கைவினைஞர்களுக்குத் தேவையான கேத்திரகணித அமைப்புகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அறிஞரின் ஏட்டுக்கும் தச்சரின் பட்டறைக்கும் இடையில் அவர் சுவர் எழுப்பவில்லை.

கேத்திரகணிதத்தில் அசைவைப் பயன்படுத்தலாமா என்று அக்காலத்திலேயே விவாதமும் நடந்தது. இப்னுல் ஹைதம் ஒரு நிறுவலில் அசையும் கோட்டைப் பயன்படுத்தினார். உமர் கையாம் அதை ஏற்க மறுத்தார். ஒரு கோடு தானாக எப்படி நகரும் என்பது அவரது ஆட்சேபணை. பல நூற்றாண்டுகளின் பின், 1872இல், ஜேர்மனியின் பீலிக்ஸ் கிளைன், அசைவுகளையும் அவற்றால் மாறாதவற்றையும் ஆராய்வதே கேத்திரகணிதம் என்ற கருத்தை முன்வைத்தார். நாம் பிள்ளையிடம் கேட்கச் சொன்ன மூன்றாவது கேள்வி அந்தப் பெரும் கருத்தின் சிறிய விதைதான்.

ஸ்பெயினின் கிரனாடா நகரில் நஸ்ரி சுல்தான்கள் 13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளில் எழுப்பிய அல்ஹம்ரா மாளிகையின் சுவர் ஓடுகளைப் படத்திலாவது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஓர் உருவை எடுத்துப் பெயர்த்து, சுழற்றி, தெறிக்கச் செய்து சுவர் முழுவதையும் நிரப்பியிருக்கிறார்கள். ஹொலந்து நாட்டு ஓவியர் எஷர் 1922இலும் 1936இலும் அங்கே சென்று பார்த்தார். 1936இல் பல நாட்கள் இருந்து அவற்றைப் பிரதி செய்தார். பின்னாளில் அவர் வரைந்த உலகப் புகழ்பெற்ற ஓவியங்களில் அந்தப் பாதிப்பு இருக்கிறது. ஒரு தளத்தை இவ்வாறு இரு திசைகளிலும் திரும்பத் திரும்ப நிரப்பும் கோலங்களின் சமச்சீர் வகைகள் 17 மட்டுமே என்பதை ரஷ்யாவின் பெதொரோவ் 1891இல் நிறுவினார். ஈரானின் இஸ்பஹானில் 1453இல் கட்டப்பட்ட தர்பே இமாம் கட்டடத்தின் கோலம் ஒரு சில வகை ஓட்டு வடிவங்களின் பிரதிகளைக் கொண்டு அமைக்கக்கூடியது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 2007இல் எடுத்துக்காட்டினர்.

இதையே வீட்டில் சிறியதாகச் செய்யலாம். தடித்த மட்டையில் எந்த அளவிலேனும் ஒரு முக்கோணி வெட்டுங்கள். அதைக் கடதாசியில் வைத்து வரையுங்கள். ஒரு பக்கத்தின் நடுப்புள்ளியைச் சுற்றிப் பாதிச் சுற்றுச் சுழற்றி மீண்டும் வரையுங்கள். ஓர் இணைகரம் வரும். அதைப் பெயர்த்துக்கொண்டே போனால் இடைவெளியின்றிக் கடதாசி நிரம்பும். எந்த முக்கோணியும் இப்படி நிரப்பும். இதற்குத் தெசலாக்கம் என்று பெயர். பக்கங்களும் கோணங்களும் சமமான உருக்களில் முக்கோணி, சதுரம், அறுகோணி மூன்றும் மட்டும் தனித்து நின்று நிரப்பும். அவற்றின் கோணங்கள் 60, 90, 120 பாகை. மூன்றும் 360ஐ மீதியின்றி வகுக்கும். ஐங்கோணியின் கோணம் 108, அது வகுக்காது. ஆகவே ஒழுங்கான ஐங்கோணி ஓட்டை மட்டும் கொண்டு தரை போட முடியாது.

எந்த ஒழுங்கில் தொடங்குவது?

நெதர்லாந்தின் ஆசிரியத் தம்பதியரான பியர் வான் ஹீலும் டீனா வான் ஹீலும் 1957இல் தம் ஆய்வுகளை வெளியிட்டார்கள். கேத்திரகணித விளக்கம் பிள்ளையின் மனதில் படிப்படியாகவே வளர்கிறது என்பது அவர்களின் முடிவு. முதலில் உருவை முழுமையாகக் கண்டறிதல்; அடுத்து அதன் இயல்புகளைக் கவனித்தல்; பின்னர் இயல்புகளுக்கிடையே தொடர்பு காணுதல்; அதன் பிறகே நிறுவல். கீழ்ப் படியில் நிற்கும் பிள்ளையிடம் மேல் படியின் மொழியில் பேசினால் அது பாடமாக்குமே தவிர விளங்கிக்கொள்ளாது.

எமது பிள்ளைகளுக்கு நேர்வதும் இதுதான். சதுரத்தைச் சற்றுச் சாய்த்து வைத்தால், "இது சதுரமில்லை" என்று சொல்லும் பிள்ளை இன்னும் முதல் படியில் நிற்கிறது. அதனிடம் போய் நிறுவலை எழுதச் சொன்னால் அது என்ன செய்யும்? டியூஷன் வகுப்பில் 50 பேரோடு ஒருவராக இருக்கும் பிள்ளைக்கு மட்டையையும் ஈர்க்கிலையும் எடுத்துக் கொடுக்க அங்கே எவருக்கும் நேரமில்லை. வீட்டில் உம்மாவுக்கு இருக்கிறது. முதல் இரண்டு படிகளுக்கும் புத்தக அறிவு தேவையில்லை. கையும் கண்ணும் பொறுமையும் போதும்.

ஆகவே அன்புச் சகோதரிகளே, மகள் அடுத்த தடவை கொப்பியோடு வரும்போது, "எனக்குத் தெரியாது" என்ற வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள். "எனக்குக் காட்டுங்க மகள், ரெண்டு பேரும் பாப்போம்" என்று சொல்லுங்கள். துணி வெட்டும்போது அவளைப் பக்கத்தில் இருத்தி, மட்டையை ஏன் புரட்டுகிறோம் என்று அவளிடமே கேளுங்கள். மகனையும் இருத்திக் கேளுங்கள். அவர்கள் பிழையாகச் சொன்னால் திருத்த அவசரப்படாமல், வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தினால் பொருந்தும், பொருந்தாவிட்டால் ஏன் என்று அவர்களே தேடுவார்கள். அந்தத் தேடல் தொடங்கிய வீட்டில் கணிதம் அந்நியமாக இருக்காது. அல்லாஹ் எமது பிள்ளைகளுக்குப் பயனுள்ள அறிவைத் தருவானாக.